நான் மாட்டிய குழாய்

ஜூன் 18, ஞாயிறு

ஜீப் இன்று வீட்டுக்கு வந்தது. வழக்கு முடிந்துவிட்டது, எடுத்துக்கொள்ளலாம் என்று காவல் நிலையத்தில் சொல்லிப் பத்து நாளாகிறது. காஜா மைதீன்தான் தன் லாரியில் ஏற்றி வந்து பின்பக்கக் கொட்டகையில் இறக்கினான். ஐ.டி.ஐ.யில் என்னிடம் மோட்டார் மெக்கானிக் படித்தவன். இப்போது தேனி ரோட்டில் சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறான்.

மகன் நவநீதன் கடைசியாக ஓட்டிய வண்டி. போன நவம்பர் 24, காலை பதினொன்றரை மணிக்குப் போடிமெட்டு மலைப்பாதையில் இறங்கி வரும்போது ஒரு வளைவில் ரோட்டை விட்டு விலகி, கீழே இருந்த சில்வர் ஓக் மரத்தில் மோதி நின்றது. உருளவில்லை. மூக்கு மட்டும் உள்ளே போயிருக்கிறது. கண்ணாடிச் சட்டம் வளைந்திருக்கிறது. ஏழு மாதம் வெயிலிலும் மழையிலும் கிடந்ததில் தரைத்தகடு பொத்துப்போய், பின் இருக்கையில் எறும்பு புற்று வைத்திருக்கிறது.

காஜா காயலான் கடைக்குப் போடச் சொன்னான். ஏலத்தில் எடுத்த நாளிலிருந்து நானும் பையனும் ஞாயிறுதோறும் வேலை பார்த்த வண்டி, திரும்ப ஓட வைத்துவிட்டுப் பார்க்கலாம் என்றேன். மனைவி ஜோதியின் தம்பி செல்வேந்திரன் கம்பத்திலிருந்து போனில் பேசினான். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதற்கு இப்படி ஒரு கைவேலை இருப்பது நல்லதுதான் என்றான். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

செய்த வேலையைத் தேதி போட்டு எழுதுவது பயிற்றுநர் காலத்துப் பழக்கம். இந்த நோட்டு டூல்ஸ் பெட்டியிலேயே பூட்டில் இருக்கும்.

ஜூன் 19

காலையில் எழுந்து பார்த்தபோது கொட்டகைக்குப் பக்கத்தில் கட்டியிருந்த துணிக்கொடி இல்லை. ஜோதி அவிழ்த்து மொட்டை மாடியில் கட்டியிருக்கிறாள்.

ஜூன் 25

புற்றை எடுத்தேன். வண்டியைக் கல் வைத்துத் தூக்கி நான்கு சக்கரத்தையும் கழற்றினேன். துருவேறிய நட்டுகளுக்கு டீசல் ஊற்றி ஊறவிட்டிருக்கிறேன்.

சாயங்காலம் காஜா எட்டிப் பார்த்தான். மூக்கு நசுங்கிய வண்டிக்கு முதலில் ரேடியேட்டரையும் இஞ்சினையும் பார்ப்பதை விட்டுவிட்டு ஏன் சக்கரத்தில் ஆரம்பித்தீர்கள் என்று கேட்டான். வேலைக்கு ஒரு முறை வேண்டாமா என்றேன். நான் கழற்றி வைத்திருந்த சக்கரங்களைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு டீ குடித்துவிட்டுப் போய்விட்டான்.

ஜூலை 2

தரைத்தகட்டை வெட்டி எடுத்தேன். இடது பெருவிரலில் கீறல். தடுப்பூசி போட்டுக்கொண்டேன்.

ஜோதி அங்கன்வாடிக்கு ஒரு நாள்கூட லீவு போடுவதில்லை. இருபத்திரண்டு பிள்ளைகளுக்கு மத்தியானம் சோறு போட்டு, வாய் துடைத்துத் தூங்க வைத்துவிட்டு வருகிறாள். வீட்டுக்கு வந்து ஒரு டம்ளர் கேப்பைக் கூழ் குடிக்கிறாள். எனக்கு மட்டும்தான் உலை வைக்கிறாள். சோறு சாப்பிடு என்று சொல்லிப் பார்த்தேன். செரிக்க மாட்டேன் என்கிறது என்றாள். ஏழு மாதமாக இதே பதில்.

ஜூலை 9

இதை எழுதாமல் மேலே எழுத முடியவில்லை.

வலது முன் சக்கரத்துக்குப் போகும் பிரேக் குழாய் நான் மாட்டியது. நவம்பர் 20, ஞாயிறு, அதாவது விபத்துக்கு நாலு நாள் முன்னால். பழைய குழாய் துருப்பிடித்திருந்தது. புதுக்குழாயை வளைத்து, இரண்டு முனையிலும் நட்டைப் போட்டு இறுக்கினேன். அன்றைக்கு எனக்குக் காய்ச்சல். நவநீதன்தான் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்துக் குழாய்க்குள் இருந்த காற்றை வெளியேற்றினான். இன்னொரு தடவை இறுக்கிப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன், பார்க்கவில்லை.

ஏழு மாதமாக அந்த நட்டுத்தான் கண்ணுக்குள் நிற்கிறது. நாளை அதைப் பார்ப்பேன்.

ஜூலை 10

பார்க்கவில்லை. மழை.

ஜூலை 12

பார்த்தேன். குழாயில் ஓட்டை இல்லை, விரிசல் இல்லை. மேல்முனை நட்டில் ஸ்பானரைப் போட்டேன், அசையவில்லை. கீழ்முனையும் அப்படித்தான். சுற்றிலும் காய்ந்த மண் ஒட்டியிருக்கிறது, எண்ணெய்க் கசிவின் தடமே இல்லை.

பிரேக் ஆயில் கிண்ணத்தில், குழாய் மாட்டிய அன்றைக்கு, மட்டத்துக்கு ஆணியால் ஒரு கோடு கிழித்திருந்தேன். ஆயில் கறுத்துப் போயிருக்கிறது. ஆனால் கோட்டில்தான் நிற்கிறது.

ஒருவன் சந்தோஷப்பட வேண்டிய விஷயம் இது.

ஜூலை 16

நான்கு பிரேக் டிரம்மையும் திறந்தேன். லைனிங் புதிதாகத்தான் இருக்கிறது. அளந்தேன், தேய்மானம் இல்லை. ஸ்பிரிங் எல்லாம் இடத்தில் இருக்கின்றன.

ஜூலை 17

மறுபடியும் அளந்தேன்.

ஜூலை 23

கடைசிச் சோதனை ஒன்று பாக்கி இருந்தது. நேற்று சாயங்காலம் எல்லாவற்றையும் இருந்தபடியே பூட்டி, பிரேக் பெடலை முழுக்க அழுத்தி, அது மேலே எழும்பாதபடி இருக்கைக்கும் பெடலுக்கும் நடுவே ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து வைத்தேன். எங்காவது துளி கசிந்தால் காலைக்குள் பெடல் தளர்ந்து, கட்டை கீழே விழுந்துவிடும்.

காஜாவையும் வரச் சொல்லியிருந்தேன். ஏழு மணிக்கு இரண்டு பேரும் பார்த்தோம். கட்டை அப்படியே நிற்கிறது. காலால் தட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. காஜா படுத்து டார்ச் அடித்துக் குழாயைத் தடவிப் பார்த்துவிட்டு எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"பிரேக்குல ஒரு கொறையும் இல்ல சார். நீங்க மாட்டுனது கல்லு மாதிரி இருக்கு. இனிமேயாச்சும் அத நெனச்சு மருகாதீங்க."

விபத்தன்றைக்கு ஏட்டு சொன்னது அவனுக்கும் தெரியும். காய்ந்த ரோடு. பனி கிடையாது. எதிரே வண்டி வந்ததாக யாரும் சொல்லவில்லை. பிரேக் அடித்தால் ரோட்டில் டயர் தேய்ந்த கறுப்புக் கோடு விழும். அந்த வளைவில் ஒரு கோடும் இல்லை. பிரேக் போயிருக்கும், அதனால்தான் கோடு இல்லை என்று போலீஸ்காரர்களே எழுதி முடித்துவிட்டார்கள்.

காஜாவுக்கு அது நினைவு வந்திருக்க வேண்டும். டீயைப் பாதியில் வைத்துவிட்டு, வேலை இருக்கிறது என்று கிளம்பினான்.

ஜூலை 30

ஸ்டியரிங்கைப் பிரித்துப் பார்த்தேன். மோதியதில் ஒரு ராடு வளைந்திருக்கிறது. மற்றபடி எல்லா மூட்டும் இறுக்கமாக இருக்கின்றன. டயர் நான்கும் வெடிக்கவில்லை. ஆக்சிலேட்டர் கம்பி சிக்கவில்லை.

வண்டியால் பதில் சொல்ல முடிந்த கேள்விகள் அவ்வளவுதான்.

நவநீதன் தூங்கியிருக்கலாம். முந்தின இரவெல்லாம் அவன் அறையில் விளக்கு எரிந்தது. கண் அசந்திருக்கலாம். அப்படி எத்தனை பேருக்கு நடக்கிறது.

ஆகஸ்ட் 6

மழை. வேலை இல்லை. உட்கார்ந்து எழுதுகிறேன்.

நவநீதன் போன வருஷம் மார்ச்சில் சென்னையிலிருந்து பெட்டியோடு வந்தான். கம்பெனியில் ஆட்குறைப்பு என்றான். பிறகுதான் தெரிந்தது, அவனாகவே விட்டுவிட்டு வந்திருக்கிறான். ஏன் என்று ஜோதி தினமும் கேட்டாள். நான் ஒரு நாளும் கேட்கவில்லை. இருபத்தாறு வயதுப் பையனை நோண்டக் கூடாது என்று நினைத்தேன். பகலெல்லாம் படுத்தே கிடப்பான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எழுந்து கொட்டகைக்கு வருவான். ஸ்பானர் எடுத்துக் கொடுப்பான், நட்டைத் துடைப்பான். எட்டு மாதம் ஞாயிறுதோறும் அவனோடு இருந்தேன். வண்டியைத் தவிர வேறொன்றும் பேசவில்லை. பையன் தேறி வருகிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

விபத்து நடந்த அன்றைக்குக் காலையில் நான் பின்பக்கம் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். அடுப்படியில் ஜோதி அவனிடம் பேசியது கேட்டது. பெரிய சண்டையெல்லாம் இல்லை. அங்கன்வாடிக்கு நேரமாகிவிட்ட எரிச்சல். தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "எட்டு மாசமா இந்த வீட்டுச் சோத்தத் திங்கிற. ஒரு வாய்ச் சோத்துக்காச்சும் நீ ஒழைச்சிருக்கியா தம்பி?"

எந்தத் தாயும் சொல்வதுதான். என் அம்மா என்னிடம் இதைவிட மோசமாகச் சொல்லியிருக்கிறாள். அவன் பதில் பேசவில்லை. தட்டு அப்படியே இருந்தது. பத்து மணிக்குச் சாவியைக் கேட்டான். மேலே போய்ட்டு வர்றேம்ப்பா என்றான். ரெண்டாவது கியரிலேயே இறங்கு என்றேன்.

அது என் காதில் விழுந்தது ஜோதிக்குத் தெரியாது. அவளும் இதுவரை அதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை. அவள் சோறு சாப்பிடாதது எதனால் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே செரிமான மாத்திரை வாங்கி வந்து கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

குழாய் பழுதாக இருக்க வேண்டும் என்று கும்பிட்டுவிட்டுத்தான் ஒவ்வொரு நட்டையும் தொட்டேன்.

ஆகஸ்ட் 20

முன் மட்கார்டின் நசுங்கலைத் தட்டி எடுத்தேன். ரேடியேட்டருக்குப் பழையது ஒன்று காஜா தேடித் தந்தான்.

ஜோதியின் வளையல்கள் முழங்கை வரை ஏறி இறங்குகின்றன. ரவிக்கைகளை எல்லாம் பிடித்துத் தைத்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 29

பதினொன்றரைக்கு அங்கன்வாடி ஆயா போன் பண்ணினார். பிள்ளைகளுக்குப் பரிமாறிக்கொண்டிருந்த ஜோதி கரண்டியோடு சரிந்துவிட்டாள். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். சேர்த்துக்கொண்டார்கள். குளுக்கோஸ் ஏறுகிறது.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். உடம்பில் வியாதி என்று ஒன்றும் இல்லை, இந்த அம்மா சாப்பிடாமலே தன்னைக் கரைத்துக்கொண்டிருக்கிறார், இப்படியே போனால் இன்னும் மூன்று மாதம் தாங்காது என்றார். வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். பையன் போய்விட்டான் என்றேன்.

ஆகஸ்ட் 31, வியாழன்

சொல்லிவிட்டேன்.

மத்தியானம் வார்டில் கூட்டம் குறைந்திருந்தது. ஆஸ்பத்திரிச் சாப்பாடு வந்தது. அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். மேலே மின்விசிறியைப் பார்த்தபடி, என் பக்கம் திரும்பாமலே பேசினாள்.

"அன்னைக்குக் காலையில தம்பிகிட்ட நான் ஒண்ணு சொன்னேங்க."

அதற்கு மேல் அவளைச் சொல்ல விட்டிருந்தால் அது வெளியே வந்து எங்கள் இருவருக்கும் நடுவே சாகும் வரை கிடந்திருக்கும். அவள் கையைப் பிடித்தேன்.

"ஜோதி, நான் ஒண்ணு சொல்லணும். மொதல்ல அத நீ கேட்டுக்க. வண்டியப் பிரிச்சுப் பாத்துட்டேன். பிரேக் குழாயில நான் போட்ட நட்டு சரியா இறுகல. ஆயில் பூராம் ஒழுகிப்போச்சு. அவன் மிதிச்சிருக்கான், பிரேக் புடிக்கல."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"நீங்க மாட்டுனதா?"

"நான் மாட்டுனதுதான். நாலு நாள் முன்னாடி. காய்ச்சலோட மாட்டுனேன். இன்னொருக்கா பாத்திருக்கணும், பாக்கல."

"நல்லாத் தெரியுமா?"

"இருபத்தெட்டு வருஷம் இதத்தான பாடம் நடத்துனேன். எனக்குத் தெரியாதா."

எப்போது கண்டுபிடித்தேன் என்று கேட்டாள். ஜூலை என்றேன். ஒரு மாதம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். பயமாக இருந்தது என்றேன். அவள் கேட்ட ஒவ்வொன்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. எந்த முனை, எவ்வளவு ஒழுகியிருக்கும், எத்தனை வளைவு வரை பிரேக் வேலை செய்திருக்கும், எல்லாம் விளக்கமாகச் சொன்னேன். எப்படிப் பழுதாகும் என்று எனக்குத் தெரியும். மாணவர்களுக்கு அதைத்தான் சொல்லிக் கொடுத்தேன்.

பிறகு அவள் என் கையிலிருந்து தன் கையை எடுத்துக்கொண்டாள். ஆரம்பித்த பேச்சை முடிக்கவில்லை. செல்வேந்திரனை வரச் சொல்லுங்க என்றாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதாள். பையனைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்குக்கூட அவள் அப்படி அழவில்லை.

செப்டம்பர் 1

இரண்டு இட்லி சாப்பிட்டாளாம். நர்ஸ் சொன்னது. என்னை உள்ளே விட வேண்டாம் என்று ஜோதி சொல்லியிருக்கிறாள்.

செப்டம்பர் 3

செல்வேந்திரன் ஜோதியைக் கம்பத்துக்குக் கூட்டிப் போகிறான். அவளுடைய துணிமணிகளை எடுக்க வீட்டுக்கு வந்தான். என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. பீரோவைத் திறந்து, அக்காவின் சேலைகளை மடிப்புக் கலையாமல் எடுத்துப் பையில் வைத்தான். நவநீதனின் போட்டோவையும் எடுத்துக்கொண்டான். வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் பேசினான்.

"ஊருப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக் குடுத்தீங்களே மச்சான்."



செப்டம்பர் 5

காஜா பட்டறையை அப்படியே போட்டுவிட்டு வந்தான். விஷயம் அவன் காதுக்கும் போயிருக்கிறது. இப்படி வந்து அவன் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. கட்டை நின்றதை நானும்தானே பார்த்தேன், ஏன் சார் உங்கள் தலையில் நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டீர்கள் என்று கேட்டான். ஜோதி சாப்பிடுகிறாள் காஜா என்றேன்.

அவன் கொஞ்ச நேரம் ஜீப்பைச் சுற்றி வந்தான். யாராவது வந்து கேட்டால் என்ன சொல்ல என்றான். யார் வந்து கேட்டாலும் குழாய்தான் என்று சொல் என்றேன். வளைந்த கண்ணாடிச் சட்டத்தை நிமிர்த்தித் தருகிறேன் என்று தூக்கிக்கொண்டு போனான்.

செப்டம்பர் 17

ஜூலை மாதத்துப் பக்கங்களைக் கிழித்துவிடலாம் என்று நோட்டை எடுத்தேன். கிழிக்கவில்லை. எங்காவது ஓரிடத்திலாவது அந்தக் குழாய் நன்றாக இருக்கட்டும்.

அக்டோபர் 8

இஞ்சின் ஓடியது. ஏழெட்டு முறை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டுக்காரர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். முன்பெல்லாம் இறங்கி வந்து விசாரிப்பார். இப்போது தெருவில் எதிரே வந்தாலும் போனைப் பார்த்துக்கொண்டே கடந்துவிடுகிறார். கடைத்தெருவில் என் காதுபட ஒருவர் சொன்னார், பெத்த பிள்ளைக்கே எமனாயிட்டாரப்பா என்று. அவரைக் குறை சொல்ல முடியாது.

மத்தியானம் வைத்த சாம்பாரையே ராத்திரிக்கும் சூடு பண்ணிக்கொண்டேன்.

அக்டோபர் 22

செல்வேந்திரன் மனைவி எனக்குத் தெரிவிக்க வேண்டும் என்று போன் பண்ணினாள். நல்ல பெண். மதினி மூன்று வேளையும் சோறு சாப்பிடுகிறார்களாம், போன வாரம் அவர்களே கேட்டு அயிரை மீன் வாங்கிக் குழம்பு வைத்தார்களாம். கம்பத்திலேயே ஓர் அங்கன்வாடிக்கு மாறுதல் கேட்டு எழுதிப் போட்டிருக்கிறார்கள். உங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் எழுந்து போய்விடுகிறார்கள் அண்ணே என்றாள்.

கதவுகளுக்குப் பச்சைப் பெயின்ட் முதல் கோட் அடித்தேன்.

நவம்பர் 24, வெள்ளி

ஒரு வருஷம்.

ஜோதியும் செல்வேந்திரனும் காலை பஸ்ஸில் வந்தார்கள். படையல் போட்டோம். அவளே சமைத்தாள். மூன்று மாதம் கழித்துப் பார்க்கிறேன். கன்னத்தில் சதை பிடித்திருக்கிறது. வளையல்கள் மணிக்கட்டில் நிற்கின்றன. காக்காய்க்கு வைத்துவிட்டு வந்து, நான் எதிர்பார்க்காத நேரத்தில் கேட்டாள், வண்டி ஓடுதா என்று. ஓடுகிறது என்றேன். அந்த எடத்துக்கு என்னயக் கூட்டிட்டுப் போங்க என்றாள்.

செல்வேந்திரன் வேண்டவே வேண்டாம் என்றான். நான் கார் பிடித்து வருகிறேன், இவர் கட்டிய வண்டியில் ஏறாதே என்றான். அவள் கேட்கவில்லை. கொட்டகைக்கு வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். வலது முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் குனிந்து நின்றாள். பிறகு ஏறி உட்கார்ந்தாள்.

மலையேறினோம். அந்த வளைவில் ஓரமாக நிறுத்தினேன். தடுப்புச் சுவர் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். கீழே மரம் தெரிந்தது, பட்டை உரிந்த இடம் ஆறிக்கொண்டு வருகிறது. ஜோதி சுவரில் கை ஊன்றிப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் இரண்டடி தள்ளி நின்றேன்.

"பயந்திருப்பான்ல?"

இந்தக் கேள்வியை நான் யோசித்திருக்கவில்லை. நான் சொன்ன கதையில் பையன் பெடலை மிதித்துக்கொண்டே வருகிறான். மூன்று மாதமாக அவள் கண்ணில் அதுதான் ஓடியிருக்கிறது.

"இல்ல ஜோதி. என்னன்னு தெரியறதுக்குள்ள முடிஞ்சிருக்கும்."

"ஆனா நிறுத்தத்தான பாத்திருக்கான்?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. மரத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது, இந்த ஒரு வருஷமும் நான் பயந்ததைத்தான் அவளும் பயந்துகொண்டிருந்திருக்கிறாள்.

"நிறுத்தத்தான் பாத்திருக்கான்."

"நல்லாத் தெரியும்ல?"

"தெரியும். கடைசி வரைக்கும் மிதிச்சிருக்கான். பெடலப் பாத்தேன்."

அவள் தலையை ஆட்டினாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வீட்டுக்கு வரத்தான் நெனச்சிருக்கான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு வந்து வண்டியில் உட்கார்ந்தாள்.

இரண்டாவது கியரில் இறங்கினேன். அடிவாரம் தாண்டியபோது அவளாகவே பேசினாள்.

"ஒங்க மேல கோவமெல்லாம் இப்ப இல்லங்க. தெரிஞ்சா செஞ்சீங்க? ஆனா ஒங்க கையப் பாத்தாலே எனக்கு அந்தக் குழாய்தான் நெனப்பு வருது. என்னால அந்த வீட்டுல இருக்க முடியாது. வெரசா சாப்பிட்டுப் படுங்க. மாத்திரையப் போட மறந்துறாதீங்க."

சரி என்றேன்.

பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடச் சொன்னாள். செல்வேந்திரன் பையோடு அங்கே நின்றிருந்தான். கம்பம் பஸ் புறப்படும் நேரம். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். நான் கீழே நின்றேன். பஸ் நகரும்போது என் பக்கம் பார்த்து, போய்ட்டு வர்றேன் என்பதுபோலத் தலையை அசைத்தாள்.

ராத்திரி எட்டு மணிக்குச் செல்வேந்திரனுக்குப் போன் பண்ணினேன். முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாவது தடவை எடுத்தான். வந்து சேர்ந்துவிட்டோம், அக்கா ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டது, அசந்து தூங்குகிறது, எழுப்பவா என்று கேட்டான்.

வேண்டாம், தூங்கட்டும் என்றேன்.